வால்வு ஆம்ப்பில் மவுத் ஓர்கன்: மண்டபத்து பீஏ (ஒலிபெருக்கி) சிஸ்டத்தில் எப்படிச் சேர்ப்பது?

கொட்டகலைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன பேண்ட் வைத்திருக்கிறோம். டிரம்ஸ், பேஸ், கீபோர்ட், அப்புறம் என் மவுத் ஓர்கன். புளூஸ் பாணிதான் அதிகம் வாசிப்பேன். என்னிடம் இருப்பது 5 வாட் வால்வு ஆம்ப், 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, கையில் பொத்திப் பிடிக்கும் பழைய புல்லட் மைக்.

வீட்டில் வாசித்தால் லயத்தில் கடைசிக் காம்பரா வரை கேட்கும். ஆனால் அடுத்த மாதம் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி. டிரம்ஸ் தொடங்கினால் இந்த ஆம்ப் எங்கே போனது என்றே தெரியாது. சவுண்ட்ஸ்காரரிடம் கேட்டால், "லைன் ஒன்று தாங்க, மிக்சரில் போட்டுக்கொள்றேன்" என்கிறார். ஆம்ப்பின் பின்னால் இருப்பதோ ஒரே ஒரு ஜாக். அதிலும் ஸ்பீக்கர் குத்தியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு மிக்சருக்குக் கேபிள் இழுக்கலாமா? இல்லை, புல்லட் மைக்கை நேரே மிக்சரில் குத்திவிட்டு ஆம்ப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவா?

பதினாறு சேனல் எழுதியது:

தம்பி, ஸ்பீக்கர் ஜாக்கில் கை வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வால்வு ஆம்ப்பின் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் ஸ்பீக்கர் என்ற சுமையை நம்பித்தான் வேலை செய்கிறது. சுமை இல்லாமல் ஓங்கி வாசித்தால் உள்ளே வோல்டேஜ் எகிறும், ட்ரான்ஸ்போமரின் சுற்றுக் கம்பிக்கு இடையில் இன்சுலேஷன் துளைத்துப் போகும். சிலவேளை வால்வு சொக்கட்டிலேயே பொறி பாயும். மிக்சர் இன்புட்டைக் குத்தினால் அது சுமை ஆகிவிடாது. ஆயிரக்கணக்கான ஓம் உள்ள இன்புட் அது. ஆம்ப் எதிர்பார்ப்பது 4 அல்லது 8 ஓம்.

மிக்சர் பக்கம் என்ன நடக்கும் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 ஓமில் 5 வாட் என்றால் 6.3 வோல்ட். மைக் இன்புட்டுக்குப் பழக்கம் சில மில்லிவோல்ட். லைன் இன்புட்டுக்கே வழக்கமான அளவு 1.23 வோல்ட்தான். ஆம்ப்பை முழுக்கத் திறந்தால் 6.3ஐயும் தாண்டும்.

புல்லட் மைக்கை நேரே குத்துவதும் சரிவராது. பழைய புல்லட் மைக் பெரும்பாலும் ஹை இம்பீடன்ஸ், அதாவது எதிரே அதிக ஓம் உள்ள இன்புட் கேட்பது. மிக்சரின் மைக் இன்புட் ஏறக்குறைய 2,000 ஓம். உள்ளே கிறிஸ்டல் எலிமெண்ட் (சத்தத்தை மின்சாரமாக்கும் பாகம்) இருந்தால் அதற்கு 10 லட்சம் ஓமாவது எதிரே வேண்டும். இல்லாவிட்டால் அடித்தொனி முழுக்கப் போய், மெலிந்த ஒரு கீச்சுத்தான் மிஞ்சும்.

ஆகவே ஆம்ப்பை மேடைக்குக் கொண்டு போங்கள். அதன் முன்னால் சாதாரண டைனமிக் மைக் ஒன்றை நிறுத்தி, அந்த மைக்கை மிக்சருக்குக் கொடுங்கள். எஸ்எம் 57 இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாட்டு மைக்கும் போதும். சவுண்ட்ஸ்காரரிடம் "லைன் இல்லை, ஒரு மைக்கும் குட்டை ஸ்டாண்டும் வேணும்" என்று சொல்லிவிடுங்கள். கிட்டார் ஆம்ப்புக்குச் செய்வதுதான், அவருக்குப் புரியும்.

கொட்டகலைக்காற்று எழுதியது:

நன்றி அண்ணே, நல்ல நேரத்தில் தடுத்தீர்கள். மைக்கை எங்கே வைப்பது? எவ்வளவு தூரம்?

பதினாறு சேனல் எழுதியது:

கிரில் துணியிலிருந்து இரண்டு விரல் தூரம். முதலில் துணிக்குப் பின்னால் கோன் எங்கே இருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். சின்னப் பெட்டிகளில் ஸ்பீக்கர் நடுவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் குமிழ் மாதிரி தெரியும் டஸ்ட் கேப்பை நேரே பார்த்து மைக் வைத்தால் சத்தம் கூர்மையாக வரும். மவுத் ஓர்கனுக்கு அது காதைக் குத்தும். குமிழுக்கும் கோனின் ஓரத்துக்கும் இடையில் எங்கேயாவது வையுங்கள். ஒரு அங்குலம் தள்ளினாலே குரல் மாறுவது கேட்கும், மிக்சரில் டோன் திருகுவதைவிட இது பலன் தரும். மிக நெருக்கமாக வைத்தால் அடித்தொனி ஏறும். 8 அங்குல ஸ்பீக்கருக்கு அது கொஞ்சம் உதவிதான்.

எல்ல ராத்திரி எழுதியது:

நான் எல்ல பக்கம் ஹோட்டல்களில் வாசிப்பவன். இவ்வளவு சிரமம் எதற்கு என்றுதான் கேட்கிறேன். மழையில் வால்வு ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்குவதற்குள் வாசிக்கிற ஆசையே போய்விடும். ஸ்பீக்கர் சிமுலேஷன் (ஆம்ப் ஸ்பீக்கரின் குரலைப் போலச் செய்வது) உள்ள ஒரு பெடல், அதிலிருந்து நேரே மிக்சர். பை ஒன்றில் எல்லாம் அடங்கிவிடும். கேட்கிற ஆட்களுக்கு வித்தியாசம் தெரியாது.

வால்வு வெளிச்சம் எழுதியது:

கேட்கிற ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் தம்பி, வாசிக்கிறவருக்குத் தெரியுமே. வாசிக்கிறவர் ஆம்ப்போடு பேசிக்கொண்டுதான் வாசிக்கிறார். கையை இறுக்கிப் பொத்தினால் ஆம்ப் உறுமும், லேசாகத் திறந்தால் தெளியும். சிகாகோவில் லிட்டில் வோல்ட்டர் 1950களில் செய்து காட்டியது இதைத்தான். சின்ன ஆம்ப்பை அதன் எல்லைக்குத் தள்ளி, அந்தக் கரகரப்பையே குரலாக்கினார். அந்த ஆம்ப்பும் மைக்கும் சேர்ந்ததுதான் வாத்தியம்.

இதில் ஒரு வேடிக்கை. இன்று ஹார்மோனிகா மைக் என்று விலை போடும் ஷூர் 520 வகை, 1949இல் வந்தபோது அறிவிப்புக்கும் ரேடியோத் தொடர்புக்குமான மைக். பீஏ வேலைக்குப் பிறந்த மைக்கைக் கிட்டார் ஆம்ப்பில் குத்தி, இப்போது அந்த ஆம்ப்பை மறுபடி பீஏவுக்குக் கொண்டுபோக வழி தேடிக்கொண்டிருக்கிறோம்!

பெடல் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்பீக்கர் சிமுலேஷன் இல்லாத பெடலை நேரே பீஏவில் போடாதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் சட்டென்று விழுந்துவிடும், கரகரப்பின் முள்ளையெல்லாம் அதுதான் மழித்துத் தருகிறது. பீஏ பெட்டியின் ட்வீட்டர் எல்லாவற்றையும் அப்படியே கக்கும். தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கும்.

ஊவாப்பெண் எழுதியது:

இடையில் ஒன்று சொல்கிறேன். புளூஸ் வாசிக்காதவர்களும் இதைப் படிப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது ட்ரெமொலோ வகை மவுத் ஓர்கன், சினிமாப் பாட்டு வாசிக்கிறது. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு உலோக நாக்கு (ரீட்), ஒன்றுக்கொன்று மிக லேசாகச் சுருதி பிசகி இருக்கும். அந்த அலைவுதான் அதன் அழகு. அதை வால்வு ஆம்ப்பில் போட்டுக் கரகரக்க வைத்தால் அலைவு சேறாகிவிடும். நான் வாசிக்கும் குரோமட்டிக்குக்கும் (எல்லா அரைச் சுரமும் வாசிக்கக்கூடிய மவுத் ஓர்கன்) அப்படித்தான். பாட்டு மைக்கை ஸ்டாண்டில் வைத்து, ஒரு சாண் தூரத்தில் நின்று வாசித்தால் போதும். ஆம்ப்பும் வேண்டாம், பெடலும் வேண்டாம்.

பதினாறு சேனல் எழுதியது:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. கல்யாண வீட்டில் பாட்டுக்கு நடுவே நாலு வரி வாசிக்கிறவர் வால்வு ஆம்ப்போடு வந்து நின்றால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன்.

கொட்டகலைக்காற்று எழுதியது:

எனக்குக் கரகரப்புத்தான் வேண்டும் அக்கா. எல்ல தம்பியின் பெடலைப் பிறகு பார்க்கலாம், இப்போது காசு இல்லை. ஒரு சந்தேகம். ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைத்தால் டிரம்ஸ் சத்தமும் அதில் ஏறாதா? எங்கள் டிரம்மர் கொஞ்சம் கை கனம். லைன் அவுட் எடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லைதானே?

வால்வு வெளிச்சம் எழுதியது:

ஏறும். அதனால்தான் லைன் அவுட்டுக்கும் ஒரு இடம் உண்டு. கண்டியில் எங்கள் ரிப்பெயர் மேசைக்கு வருகிற சின்ன ஆம்ப்புகளில் கேட்டால் போட்டுத் தருகிறோம். வேலை சின்னது. ஸ்பீக்கர் அதன் பாட்டுக்கு இருக்கும், அதன் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே 10,000 ஓமும் 1,000 ஓமும் தொடராகப் போட்டு, 1,000 ஓமுக்குக் குறுக்கே இருந்து எடுப்பது. பதினொன்றில் ஒரு பங்கு கிடைக்கும். 6.3 வோல்ட் அங்கே 0.57 வோல்ட் ஆகிவிடும், லைன் இன்புட்டுக்குப் பொருத்தம். ரெசிஸ்டரில் ஓடும் சக்தி சில மில்லிவாட்தான், கால் வாட் ரெசிஸ்டரே தாராளம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

ஆனால் பெட்டியைத் திறப்பது விளையாட்டு இல்லை. பிளக்கைக் கழற்றிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கலாம். அதை வடித்துப் பழக்கமில்லாதவர் சாசியில் கை வைக்கக்கூடாது. தெரிந்தவரிடம் கொடுங்கள்.

லைன் அவுட்டில் ஸ்பீக்கரின் குணம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். வால்வு, ட்ரான்ஸ்போமர் வரைக்கும்தான் அந்த வயரில் வரும். மிக்சரில் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் வெட்டியே ஆக வேண்டும். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மைக்கைத்தான் எடுப்பேன். டிரம்மரிடமிருந்து ஆம்ப்பை முடிந்தவரை தள்ளி, மைக்கின் முதுகு டிரம்ஸைப் பார்க்கிற மாதிரி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பதினாறு சேனல் எழுதியது:

லைன் அவுட் எடுத்தால் இன்னொரு தலைவலி வரும்: ஹம். அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்து மண்டபங்களில் இதுதான் ராத்திரி முழுக்க உயிரை வாங்குகிறது.

ஆம்ப் மேடையில் ஒரு பிளக்கில். மிக்சர் மண்டபத்தின் மறு கோடியில் இன்னொரு பிளக்கில். இரண்டுக்கும் எர்த் உண்டு. இப்போது லைன் கேபிள் போட்டவுடன் அதன் ஷீல்ட் இரண்டு எர்த்தையும் இணைத்து ஒரு வளையம் ஆக்கிவிடும். நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், ஆகவே 50இலும் 100இலும் "ம்ம்ம்" என்று ஒரு முனகல். ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைத்தால் இந்தப் பேச்சே இல்லை. மைக்குக்கும் ஆம்ப்புக்கும் இடையில் வயர் கிடையாது, காற்றுத்தான். நான் மைக்கைச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இது.

லைன் அவுட்தான் வேண்டும் என்றால் ட்ரான்ஸ்போமர் உள்ள டிஐ பாக்ஸ் (ஜாக் கேபிளில் வருவதை மிக்சரின் மைக் இன்புட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றும் சின்னப் பெட்டி) ஒன்றை இடையில் போட்டு, அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது அந்தக் கேபிளின் ஷீல்ட் இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும். முனகல் பெரும்பாலும் நின்றுவிடும். மேடையிலிருந்து மிக்சர் 30 மீட்டர் தூரம் என்றாலும் டிஐ பாக்ஸ்தான் வழி. சாதாரண ஜாக் கேபிளை அவ்வளவு தூரம் இழுத்தால் போகிற வழியெல்லாம் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு வரும்.

செய்யக்கூடாத வேலை ஒன்று இருக்கிறது, அதை நம் ஆட்கள் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் வயரை உள்ளே கழற்றிவிடுவது, அல்லது இரண்டு பின் அடப்டரில் குத்துவது. ஹம் போய்விடும், உண்மைதான். ஆனால் மவுத் ஓர்கன்காரர் ஆம்ப்போடு இணைந்த இரும்பு மைக்கைக் கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறார். உதட்டில் ஈரம். அப்படியே பாடுவதற்காகப் பக்கத்துப் பாட்டு மைக்கில் வாயை வைப்பார், அது பீஏயின் எர்த்தில் இருக்கிறது. ஆம்ப்புக்குள் ஒரு இன்சுலேஷன் போயிருந்தால் 230 வோல்ட்டும் உதடு வழியாகத்தான் பாயும்.

பழைய தோட்டத்து மண்டபங்களில் மூன்று ஓட்டை பிளக் இருந்தாலும் எர்த் கம்பி உண்மையில் மண்ணுக்குப் போகிறதா என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டரில் ஓடினால் இன்னும் மோசம். போனவுடன் ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அந்த ட்ரிப்பை நம்பாதீர்கள், 30 மில்லிஆம்பியர் ட்ரிப் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். அந்த பட்டன் ட்ரிப்பைத்தான் சோதிக்கிறது, எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த்துக்கு சொக்கெட் டெஸ்டர் வேண்டும். மேடையில் இருக்கிற எல்லாச் சாமானையும் ஒரே பிளக்கிலிருந்து பிரித்து எடுத்தால் ஹம்மும் குறையும், ஆபத்தும் குறையும்.

எல்ல ராத்திரி எழுதியது:

எர்த் விஷயம் எனக்கும் பயனானது அண்ணே. ஒரு இடத்தில் மைக் உதட்டில் சுரீர் என்றது. குளிரில் அப்படித் தோன்றுகிறது என்று அங்கே இருந்தவர் சொன்னார்!

கொட்டகலைக்காற்று எழுதியது:

மைக் என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது ஊளையை (ஃபீட்பேக்) பற்றிச் சொல்லுங்கள். வீட்டில் ஆம்ப்பை 6க்கு மேல் திருப்பினாலே கத்தும். பீஏவும் சேர்ந்தால்?

வால்வு வெளிச்சம் எழுதியது:

கிட்டார்காரருக்கு இல்லாத கஷ்டம் இது. நீங்கள் கையில் வைத்திருப்பது மைக். அது ஆம்ப்பையும் கேட்கும், பீஏவையும் கேட்கும். முதல் வால்வு 12ஏஎக்ஸ்7 என்றால் அதைக் கழற்றி 12ஏயூ7 போட்டுப் பாருங்கள். முன்னதன் பெருக்கம் 100, பின்னதன் பெருக்கம் ஏறக்குறைய 20. அது ரொம்பவே அடங்கிவிட்டது என்று பட்டால் இடையில் 12ஏவை7 இருக்கிறது. வால்வு ஆறிய பிறகு கழற்றுங்கள், பின் வளையாமல் நேரே இழுங்கள். வொல்யூமைக் கூடுதலாகத் திருப்ப இடம் கிடைக்கும், பவர் வால்வு நன்றாக உழைக்கும், குரலும் தடிக்கும்.

பதினாறு சேனல் எழுதியது:

மேடையில்: ஆம்ப்பை நாற்காலியில் ஏற்றி, உங்கள் முதுகுக்குப் பின்னால் பக்கவாட்டில் வையுங்கள். உடம்பு நடுவே நின்று மறைக்கட்டும். காது உயரத்துக்கு அது வந்தாலே உங்களுக்கு மொனிட்டர் (வாசிக்கிறவர் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கர்) தேவையில்லை. முன்னால் இருக்கும் மொனிட்டருக்கு ஹார்மோனிகாவை அனுப்பவே வேண்டாம் என்று சவுண்ட்ஸ்காரரிடம் சொல்லுங்கள், ஊளையில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. பீஏ பெட்டி இரண்டும் உங்களுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் இருக்கக்கூடாது. பாட்டுக்கு இடையில் கையை விரித்தவுடன் கத்தும். அதனால் மைக்கில் உள்ள வொல்யூம் குமிழை விரலால் மூடிப் பழகுங்கள்.

மிக்சரில் லோ கட் (அடித்தொனியை வெட்டுவது) போடுவார்கள். சி சுருதி பத்து ஓட்டை மவுத் ஓர்கனின் அடிச் சுரம் 262 ஹேர்ட்ஸ், ஜி சுருதிக்கு 196. ஆகவே 150க்குக் கீழே தாராளமாக வெட்டலாம்.

வால்வு வெளிச்சம் எழுதியது:

150 கூடாது, 80இல் நிறுத்துங்கள். சி ஓர்கனில் ஒன்றும் இரண்டும் சேர்த்து ஊதினால் 262உம் 330உம். கரகரக்கும் ஆம்ப்பில் இரண்டின் வித்தியாசமும் ஒரு சுரமாகப் பிறக்கும், 68 பக்கம். நாக்கால் நடு ஓட்டைகளை அடைத்து ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் (ஆக்டேவ்) சேர்த்து வாசிக்கும்போது அந்த வித்தியாசம் அடிச் சுரத்தின் மேலேயே போய் விழுந்து அதைத் தடிமனாக்கும். ஓர்கனில் இல்லாத அந்த அடித்தொனிதான் கேட்பவரின் நெஞ்சில் இடிக்கிறது.

பதினாறு சேனல் எழுதியது:

8 அங்குல ஸ்பீக்கர் 68ஐ எங்கே கொடுக்கப்போகிறது அண்ணே? சரி, 100இல் சமாதானம். ஆனால் மரப்பலகை மேடை என்றால், கால் தட்டுகிற சத்தம் ஸ்டாண்ட் வழியாக ஏறும். அப்போது 150தான்.

ஊவாப்பெண் எழுதியது:

புல்லட் மைக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லையே தம்பி. உள்ளே என்ன எலிமெண்ட் என்று பார்த்தீர்களா? அஸ்டாட்டிக் ஜேடி-30 மாதிரி கிறிஸ்டல் என்றால் அதன் உயிர் ரொஷெல் உப்பு என்ற பொருள். பெயரிலேயே உப்பு இருக்கிறது, தண்ணீரில் கரையும். தென்மேற்குப் பருவத்தில் மே தொடக்கம் செப்டம்பர் வரை ஹட்டன், கொட்டகலைப் பக்கம் சுவரே வியர்க்கும். அந்த ஈரத்தில் அலமாரியில் கிடந்தால் எலிமெண்ட் மெல்ல மெல்ல ஊமையாகும். வாசிக்கும்போது வாய் ஆவி வேறு.

வாசித்து முடித்ததும் மைக்கைத் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் வெளியே வைத்து, பிறகு சிலிக்கா ஜெல் பை ஒன்றோடு இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். பை பையாகக் கொட்டவும் வேண்டாம், மிக வறண்டாலும் அந்த உப்பு கெடும். அடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்கவே கூடாது, 55 பாகை சூட்டில் சிதைந்துவிடும். காந்த எலிமெண்ட் என்றால் இந்தக் கவலை இல்லை.

கொட்டகலைக்காற்று எழுதியது:

திறந்து பார்த்தேன் அக்கா, காந்த எலிமெண்ட்தான். பிழைத்தேன்.

நிகழ்ச்சி முடிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சவுண்ட்ஸ்காரர் முதலில் முகம் சுளித்தார், பிறகு பாட்டு மைக் ஒன்றைக் குட்டை ஸ்டாண்டில் தந்தார். ஆம்ப் நாற்காலியில், டஸ்ட் கேப்பின் ஓரத்துக்கு வெளியே மைக். 12ஏயூ7 போட்டதால் வொல்யூம் 8 வரை போனது, கத்தவில்லை. மொனிட்டரில் அனுப்பவில்லை. கடைசிப் பாட்டில் மட்டும் அவர் ஆர்வம் மிஞ்சி எக்கோவைத் தூக்கிவிட்டார். அதோடு ஒரு ஊளை. ஆம்ப்பிலேயே எக்கோ வேண்டும் என்றால் பெடலை மைக்குக்கும் ஆம்ப்புக்கும் இடையில்தான் போட வேண்டும்போல, மிக்சரில் போட்டால் அவர் கையில் போய்விடுகிறது.

நோர்வூட் ஒலி எழுதியது:

நல்ல இழை. எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இப்படி வாசிக்கச் சொன்னால்? அங்கே மிக்சர் கிடையாது. பழைய ஆம்ப்ளிஃபயர், மரத்தில் குழாய் ஸ்பீக்கர்.

பதினாறு சேனல் எழுதியது:

அதே வேலைதான். ஆம்ப்புக்கு முன்னால் மைக், அந்த மைக் கோயில் ஆம்ப்ளிஃபயரின் மைக் இன்புட்டில். குழாய்க்கு அடித்தொனி ஆகாது, டயபிரம் போய்விடும், பேஸ் குமிழைக் குறைத்து வையுங்கள். மவுத் ஓர்கன் நடுத்தொனி வாத்தியம் என்பதால் குழாயில் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாகவே கேட்கும். குழாயை வாசிக்கிறவருக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, மலைப்பக்கம் பார்க்க வையுங்கள். பின்னால் 100 வோல்ட் என்று எழுதிய முனைகளில் உங்கள் 8 ஓம் ஸ்பீக்கரை மட்டும் மாட்டிவிடாதீர்கள். எரிந்துவிடும், முனையைத் தொட்டால் ஷாக்கும் அடிக்கும்.

எல்ல ராத்திரி எழுதியது:

ஒரு கடைசிக் கேள்வி. என் சினேகிதனிடம் ட்ரான்சிஸ்டர் ஆம்ப் இருக்கிறது, வால்வு இல்லை. டிஐ பாக்ஸில் "ஸ்பீக்கர்" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதை ஸ்பீக்கருக்குப் பக்கமாக இணைத்து எடுக்கலாமா?

வால்வு வெளிச்சம் எழுதியது:

எடுக்கலாம். அந்த சுவிட்ச் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும். ஸ்பீக்கரைக் கழற்றாமல் அதற்கு இணையாகப் போடுங்கள். ஆனால் சில ட்ரான்சிஸ்டர் ஆம்ப்புகள் பிரிட்ஜ் முறையில் ஓடுபவை, அவற்றில் ஸ்பீக்கரின் கறுப்பு வயரும் உயிருள்ள முனைதான். டிஐ பாக்ஸின் கிரவுண்ட் அதைத் தொட்டால் அவுட்புட் ஐசி புகைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஓமில் வைத்து, கறுப்பு வயருக்கும் இன்புட் ஜாக்கின் உலோக வளையத்துக்கும் இடையில் அளக்கச் சொல்லுங்கள். பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் தைரியமாகக் குத்தலாம். வேறு எதையாவது காட்டினால் டிஐ பாக்ஸை மூட்டை கட்டிவிட்டு ஒரு மைக்கை வைக்கச் சொல்லுங்கள்.